யார் கூற்று?

பல ஆண்டுகளுக்கு முன், மாணவர்களுக்கான கவிதைப் போட்டி ஒன்றில் நான் நடுவராக இருந்தேன். தாய்மொழியின் இனிமை, மழையின் அழகு, உழவின் உயர்வு என்று பலரும் பாடியிருந்தனர். ஒரு மாணவர் மட்டும் ஒரு திருடனைப் பேசவைத்திருந்தார். இரவில் பூட்டை உடைத்து உள்ளே புகுந்தவன், தன் கை நடுங்கவில்லை என்று பெருமைப்படுகிறான். உறங்கும் குழந்தையைக் கண்டு ஒரு கணம் நிற்கிறான். பின்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். அவன் திருந்தவும் இல்லை, பிடிபடவும் இல்லை. அதனோடு பாட்டு முடிந்துவிடுகிறது. யாப்பிலே குறை காண இயலவில்லை. ஆயினும், 'மாணவர் எழுதத் தக்கது அன்று' என்று ஓரத்தில் குறித்து அதை ஒதுக்கிவிட்டேன். அதனோடு நில்லாமல் அவரை அழைத்து, "தம்பி, உமக்கு ஏன் இந்தப் புத்தி?" என்றும் கேட்டுவிட்டேன். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மாணவரை நான் ஏறக்குறைய மறந்தே போனேன். அண்மையில் ஓர் அமெரிக்கப் பாடகரின் வரலாற்றைப் படித்தபோது, அவர் முகம் மீண்டும் என் கண்முன் வந்து நின்றது. அந்தப் பாடகரின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சொல்லி முடித்தபின், என் தீர்ப்பு சரியா தவறா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

உலகம் அவரை 'ஐஸ்-டி' என்று அழைக்கிறது. இயற்பெயர் டிரேசி மாரோ. 1958ஆம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்து நூவர்க் நகரில் பிறந்தவர். தொடக்கப்பள்ளியில் படிக்கும்போதே தாயை இழந்தார். சில ஆண்டுகளில் தந்தையும் மறைந்தார். உடன்பிறந்தார் ஒருவரும் இலர். நாட்டின் மறுகோடியில் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் படித்த கிரென்ஷா உயர்நிலைப்பள்ளி இருந்த பகுதியில், தெருக் கும்பல்களின் பகை நாள்தோறும் புகைந்துகொண்டிருந்தது. அங்கே அவருக்குக் கைகொடுத்தது ஒரு புத்தகம். ஐஸ்பெர்க் ஸ்லிம் என்னும் புனைபெயரில் எழுதிய கறுப்பின எழுத்தாளர் ஒருவர், தெருவின் இருண்ட வாழ்க்கையைக் கதைகளாக எழுதியிருந்தார். அவற்றின் பகுதிகளை மனப்பாடம் செய்து நண்பர்களிடம் ஒப்பிப்பது நம் இளைஞரின் வழக்கம். 'ஐஸ் சொன்னதை இன்னும் கொஞ்சம் சொல்' என்று அவர்கள் கேட்பார்களாம். அந்த 'ஐஸ்' அவர் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது.

பின்பு சில ஆண்டுகள் படையிலே பணிபுரிந்து ஹவாய்த் தீவில் இருந்தார். படையிலிருந்து வந்தபின் தவறான வழியிலும் நடந்தார்; திருட்டிலும் கொள்ளையிலும் ஈடுபட்டதை அவரே பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவ்வழியிலிருந்து அவரை மீட்டது ராப் என்னும் கலை. 1970களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞரிடையே தோன்றிய கலை அது. தாளத்தின்மேல் இயைபு பொருந்தச் சொற்களை விரைந்து அடுக்கிச் செல்வது அதன் இயல்பு. பண்ணைவிடச் சொல்லுக்கே அங்கு முதன்மை. நம் தமிழ் இளைஞர்கள் இதைச் 'சொல்லிசை' என்று பெயரிட்டு அழைக்கிறார்கள்.

1986இல் வந்த ஒரு பாட்டில், விடியற்காலையில் காவலர் கதவைத் தட்ட, பின்வழியாகத் தப்பியோடும் ஒருவனுடைய வாயிலாகக் கதை சொன்னார் ஐஸ்-டி. தெருக்குற்றவாளியின் நோக்கில் நின்று பாடும் ராப் வகைக்கு அது ஒரு முன்னோடி என்பர். அடுத்த ஆண்டு வெளியான அவருடைய முதல் இசைத்தட்டுத் தொகுதி, பெற்றோருக்கான எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்ட தொடக்ககால ராப் தொகுதிகளுள் ஒன்று. அந்தப் பாட்டுக்களில் வன்சொற்கள் உண்டு. பெண்களை இழிவாகக் கூறும் இடங்களும் உண்டு. அவற்றுக்கு வாதாட நான் வரவில்லை.

1991ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. மூன்றாம் நாள் இரவு, ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சல்ஸ் காவலர்கள் தடிகளால் அடித்தனர். எதிர்வீட்டு மாடத்திலிருந்து ஒருவர் அதைப் படம் பிடித்தார். நாடு முழுவதும் அதைக் கண்டது. ஐந்து நாட்களுக்குப் பிறகு, 'நியூ ஜாக் சிட்டி' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதிலே போதைப்பொருள் கும்பலை வேட்டையாடும் துப்பறியும் காவலராக நடித்தவர் நம் ஐஸ்-டி! காவலர் வேடம் ஏற்றால் தன் தெருவினர் என்ன நினைப்பார்களோ என்று அவர் முதலில் தயங்கினாராம். ஆயினும் துணிந்து நடித்தார். படம் வெற்றி பெற்றது.

அதே காலத்தில் அவர் 'பாடி கவுண்ட்' என்னும் பெயரில் ஓர் இசைக்குழுவையும் அமைத்திருந்தார். இது ராப் குழு அன்று; முழங்கும் மின்கிதார்களைக் கொண்ட ராக் குழு. 1992 மார்ச்சில் வெளியான இக்குழுவின் தொகுதியில் இறுதிப் பாட்டு 'காப் கில்லர்'. 'காவலரைக் கொல்பவன்' என்பது அதன் பொருள். காவலரின் கொடுமையைக் கண்டு கண்டு மனம் முறிந்த ஒருவன், பழிவாங்கப் புறப்படுவதாக 'நான்', 'நான்' என்று பாடுகிறான்.

அடுத்த மாதம் 29ஆம் நாள், ராட்னி கிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட நான்கு காவலருள் ஒருவரையும் ஜூரிகள் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. நகரம் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்த நெருப்பின் வெளிச்சத்திலேதான் நாடு அந்தப் பாட்டைப் பார்த்தது. ஜூன் மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்துக் காவலர் சங்கம் ஒன்று, அதை வெளியிட்ட டைம் வார்னர் நிறுவனத்தின் பொருள்களை எவரும் வாங்கலாகாது என்று அறைகூவியது. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ்ஷும் துணைத் தலைவர் டான் குவேலும் கண்டித்துப் பேசினர். பல கடைகள் இசைத்தட்டைத் திருப்பி அனுப்பின. கறுப்பினக் காவலரின் தேசியச் சங்கமோ, இந்தப் புறக்கணிப்பை ஏற்கவில்லை. சினத்துக்கு வேராகிய கொடுமையை முதலில் களையுங்கள் என்னும் நிலையை எடுத்தது.

ஐஸ்-டியின் விடை என்ன? 'பாட்டில் பேசுபவன் நான் படைத்த ஒரு பாத்திரம். அவன் நான் அல்லேன். நான் எந்தக் காவலரையும் கொன்றதில்லை' என்பதே. விண்வெளி வீரனாகத் தம்மைப் பாவித்துப் பாடிய ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியை எவரேனும் உண்மையான விண்வெளி வீரர் என்று கருதினார்களா என்றும் கேட்டார்.

மாணவ நண்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். இந்த வாதம் நமக்குப் புதிதன்று. நம் அகப்பாடல்களைப் படிக்கும்போது ஆசிரியர் கேட்கும் முதற் கேள்வி எது? 'யார் கூற்று?' என்பதுதான். குறிஞ்சிப்பாட்டைப் பாடியவர் கபிலர்; ஆனால் அதில் பேசுகிறவள் தோழி. கபிலரைத் தோழி என்று நாம் மயங்குவதில்லை. பாடுவோன் வேறு, பாட்டினுள் பேசுவோன் வேறு என்னும் தெளிவு நமக்குப் பள்ளியிலேயே ஊட்டப்படுகிறது. அந்தத் தெளிவு எனக்கும் ஊட்டப்பட்டதுதான். திருடனின் கூற்றாக ஒரு மாணவர் எழுதியபோது அது எங்கே போயிற்று?

மீண்டும் 1992க்கு வருவோம். ஜூலை மாதத்தில் டைம் வார்னர் நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டம் நடந்தது. அங்கே எழுந்து நின்றவர் சார்ல்டன் ஹெஸ்டன். 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தில் மோசஸாகவும், 'பென்ஹர்' படத்தில் பென்ஹராகவும் நடித்த பெரும் நடிகர். கண்டனம் தெரிவிக்கும் பொருட்டு, அவர் அந்தப் பாட்டின் வரிகளை அவையோர்முன் உரக்கப் படித்தார். 'நான்', 'நான்' என்று அவர் வாயிலிருந்தும் அதே சொற்கள் வந்தன. அவையிலிருந்த எவரும் ஹெஸ்டனைக் கொலைகாரர் என்று எண்ணவில்லை. அதே சொற்கள் தெருவிலிருந்து வந்த ஒருவர் வாயில் வாக்குமூலம் ஆயின. புகழ்பெற்ற நடிகர் வாயில் மேற்கோள் ஆயின. சொல் மாறவில்லை. சொல்வோரைப் பற்றி நாம் முன்னமே கொண்டிருந்த எண்ணமே மாறியது.

ஆயினும், பாடகர் பக்கமே நியாயம் முழுவதும் இருக்கிறது என்று நான் கூறமாட்டேன். சீருடைக்குள் இருப்பவரும் ஒரு மனிதர். அவர் திரும்பி வரும்வரை விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் மனைவியும் மக்களும் அவருக்கு உண்டு. அந்தப் பாட்டைக் கேட்டு அவர்கள் நெஞ்சம் பதைத்ததை நடிப்பு என்று தள்ளிவிட இயலாது. மேலும், நான் சொல்வதெல்லாம் தெருவின் உண்மை, நான் அங்கே வாழ்ந்தவன் என்று சொல்லிப் புகழ் பெற்றவர் ஐஸ்-டி. உண்மை என்று சொல்லிப் பொருள் விற்றவர், திடீரென்று அது கற்பனை என்றால், கேட்போர் தடுமாறத்தானே செய்வர்? நாடக மேடைக்குத் திரை உண்டு, ஒப்பனை உண்டு. பாட்டுக்கு அவை இல்லை. அங்கே இருப்பது 'நான்' என்னும் ஒரே சொல். அதை எடுத்து ஆள்பவன் கூர்வாளை எடுப்பவன்போல் கருத்தோடு எடுக்க வேண்டும்.

இறுதியில், இசைத்தட்டு நிறுவனத்தின் ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. ஜூலை 28ஆம் நாள், அந்தப் பாட்டைத் தாமே நீக்கிக்கொள்வதாக ஐஸ்-டி அறிவித்தார். தொகுதி அப்பாட்டு இல்லாமல் மறுபடியும் அச்சிடப்பட்டது. 1993இல் அந்த நிறுவனத்தை விட்டும் பிரிந்தார். பாடகர் வாழ்வு முடிந்தது என்றே பலரும் எண்ணியிருக்கக்கூடும்.

பிறகு நடந்தது விந்தையானது. தொலைக்காட்சித் தொடர்களைத் தயாரிக்கும் டிக் வுல்ஃப் என்பவர், 2000ஆம் ஆண்டில் 'லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்' என்னும் தொடருக்கு அவரை அழைத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிராக நடக்கும் பாலியல் குற்றங்களை ஆராயும் காவற்பிரிவு ஒன்றின் கதை அது. அதிலே ஃபின் டுடுவோலா என்னும் துப்பறியும் அதிகாரி வேடம் அவருக்குக் கிடைத்தது. சில வாரங்களுக்கென்று வந்தவர், இருபது ஆண்டுகளைக் கடந்தும் அந்தச் சீருடையற்ற காவலராகவே நடித்தார். பாட்டிலே பெண்களை இழிவாகப் பேசியவர் என்று ஒரு காலத்தில் பழிக்கப்பட்டவர், துன்புற்ற பெண்களின் சொல்லை அமைதியாகக் கேட்கும் அதிகாரியாக, வாரந்தோறும் கோடிக்கணக்கானோர் இல்லங்களில் தோன்றினார். பாட்டையும் அவர் விடவில்லை. 'பாடி கவுண்ட்' குழுவுக்கு 2021இல் கிராமி விருது கிடைத்தது. 2023இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயர் பொறித்த நட்சத்திரம் பதிக்கப்பட்டது.

'காவலரை எதிர்த்தவர் காவலர் ஆனார். திருந்திவிட்டார்' என்று இதைச் சுருக்கிச் சொல்லுவாரும் உளர். 'விலைபோய்விட்டார்' என்பாரும் உளர். இரண்டும் ஒரே பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பு பாட்டிலே வந்த கொலைகாரனை அவர் என்று கொண்டார்கள். பின்பு தொடரிலே வந்த காவலரை அவர் என்று கொள்கிறார்கள். அவரோ இரண்டு இடத்திலும் ஒரே தொழிலைத்தான் செய்தார். பிறனொருவன் நிற்கும் இடத்திலே போய் நின்று, அவன் குரலில் பேசினார். சிறுவயதில் ஒரு புத்தகத்தின் பகுதிகளை நண்பர்களுக்கு ஒப்பித்தபோது தொடங்கிய தொழில் அது.

தமிழிலே 'கூற்று' என்னும் சொல்லுக்குப் பேச்சு என்றும் பொருள் உண்டு. எமன் என்றும் பொருள் உண்டு. பேச்சு சில வேளை எமனாகவும் முடியும். எனவே பாடுவோர்க்கு ஒரு கடமை உண்டு: தம் சொல் எந்த வீட்டு வாசலில் போய் விழும் என்று எண்ணிப் பார்த்தல். கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு: சினங்கொள்ளுமுன், 'யார் கூற்று?' என்று கேட்டல். அந்தக் கேள்விக்குப் பிறகும் ஒரு பாட்டை நாம் வெறுக்கலாம், கண்டிக்கலாம், அதற்கு உரிமை உண்டு. கேட்காமலே கண்டிப்பதற்குத்தான் உரிமை இல்லை.

அந்தப் போட்டியில் நான் பரிசு கொடுத்த கவிதை எதுவென்று இன்று எனக்கு நினைவில்லை. ஒதுக்கிய கவிதையில், உறங்கும் குழந்தையின் அருகே ஒரு கணம் நின்ற திருடனை மட்டும் நான் மறக்கவில்லை. அதை எழுதியவர் அதற்குப் பின் எழுதினாரோ, எழுதுவதையே விட்டாரோ, அறியேன். எங்கேனும் இருந்து இந்த வானொலியை அவர் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு ஒரு சொல்: தம்பி, அது திருடன் கூற்று என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிழை என்னுடையது.