வலிக்காத கால்

 

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். உங்கள் வரிசையிலேயே எண்ணிப் பாருங்கள். கண்ணையும் கிட்னியையும் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் காலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் நரம்பு கெடும். நீளமான நரம்புதான் முதலில் கெடும் என்பதால் கால்விரலில் தொடங்குகிறது. இரவில் எரிச்சல், ஊசி குத்தல், பஞ்சின் மேல் நடப்பது போன்ற மதமதப்பு. பிறகு ஒருநாள் எரிச்சல் நின்றுவிடும்.

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து மருந்தகத்தில் நான் டிரெஸராக இருந்தபோது ஒரு பெரியவர், "தம்பி, கால் எரிச்சல் போயிடுச்சு, மருந்து வேண்டாம்" என்று சந்தோஷமாக வந்தார். எரிச்சலோடு உணர்ச்சியும் போயிருந்தது. அடுத்த மாதம் சிலிப்பரில் ஏறிய ஆணியோடு ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார். தரையில் ரத்தக்கறையைப் பார்த்துப் பேத்தி சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதுதான். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் காயத்தின் மேலேயே நடந்து புண்ணாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு மிருதுவான ரப்பர் வைத்த செருப்பு கொடுத்தார்கள். இனிப்புநீர்க்காரர் காலுக்கும் அதே வழிதான். ரப்பரில் பிழைத்த நமக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

நமக்கு ஒரு வசதி உண்டு. ஒளு செய்யும்போது கை காலுக்குப் போகிறது. சுபுஹில் அவசரம் இருக்கும். இஷாவுக்கு ஒளு செய்தபின் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும். விரல் இடுக்கைக் கழுவுவதில் நாம் குறை வைப்பதில்லை, துடைப்பதில்தான் குறை. ஈரம் நின்றால் சேற்றுப்புண், அதன் வழியே கிருமி. குதிகால் வெடிப்புக்குக் கிரீம் பூசலாம், விரல் இடுக்கில் வேண்டாம்.

ஜும்ஆ நேரத்து வெயிலில் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் தோல் வெந்தாலும் தெரியாது. தோட்டத்தில் வெறுங்காலோடு வளர்ந்தவர்கள், "எங்க காலுக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அந்தக் காய்ப்புக்கு அடியில்தான் புண் ஒளிந்திருக்கும். பிளேடால் சீவாதீர்கள். சுடுதண்ணீரில் ஊறவைக்காதீர்கள்.

கொப்புளம், சிவப்பு, நாற்றம், ஒரு கால் மட்டும் சூடாக வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கிளினிக் போங்கள். எரிச்சல் தூங்கவிடாவிட்டால் அதற்கும் மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் 10 கிராம் நைலான் இழை கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.