இரண்டு கோடுகளுக்கு இடையே

விமானத் தாமதம் என்றதும் 'இன்னொரு ஓடுபாதை போடுங்கள்' என்ற குரல்தான் முதலில் எழுகிறது. ஓடுபாதைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியும், அந்த இடைவெளியை விதி எப்படி மதிக்கிறது என்பதுமே ஒரு நிலையத்தின் கொள்திறனைத் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி. சான் பிரான்சிஸ்கோவில் இணை ஓடுபாதைகளின் மையக்கோடுகளுக்கு இடையே 750 அடிதான். வானம் தெளிந்திருந்தால் பக்கத்து விமானத்தைக் கண்ணால் பார்த்தபடியே இரண்டிரண்டாக இறங்குவது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. மணிக்குச் சுமார் 60 விமானங்கள். விரிகுடாவின் தாழ்மேகம் கவிந்துவிட்டால் இது 30 அளவுக்கு விழுந்துவிடும். அதே பாதை, அதே விளக்குகள், அதே ஆட்கள். ஆனால் கருவிகளை மட்டும் நம்பி இறங்கும்போது, இவ்வளவு நெருங்கிய இரண்டு பாதைகளை விதி ஏறக்குறைய ஒன்றாகவே கணக்கிடுகிறது. அட்டவணையோ நல்ல வானிலையை நம்பிப் போடப்பட்டது. மேகம் கலைந்தாலும் காலையில் சேர்ந்த வரிசை உடனே கலைவதில்லை. வெயிலடிக்கும் வேறு ஊர்களிலும் பயணிகள் காத்துக் கிடக்கிறார்கள்.

அப்படியானால் விதியைத் தளர்த்திவிடலாமே என்பார்கள். தளர்த்தியிருக்கிறார்கள், சான்றோடு. இணைப் பாதைகளில் ஒன்றையொன்று சாராமல் கருவிவழி இறங்க, அமெரிக்காவில் 1963இல் 5,000 அடி இடைவெளி வேண்டியிருந்தது. 1974இல் 4,300 அடி போதுமென்றார்கள். 2013இல் 3,600 அடி. ஒரு விமானம் தடம் விலகினால், அதை ரேடார் காட்டி, கட்டுப்பாட்டாளர் கவனித்துச் சொல்லி, பக்கத்து விமானி திருப்பி முடிக்கும் வரையிலான நொடிகளைத்தான் இந்த அடிகள் அளக்கின்றன. கருவிகள் கூர்மையானதால் நொடிகள் குறைந்தன, அடிகளும் குறைந்தன. பெரிய விமானம் விட்டுச்செல்லும் காற்றுச் சுழல் மட்டும் ரேடாரின் கூர்மைக்குக் கட்டுப்படாது. அதைத் தனியே அளந்தாக வேண்டும். லண்டன் ஹீத்ரோ அப்படி அளந்துதான், இறங்கும் விமானங்களுக்கு இடையிலான இடைவெளியை 2015 முதல் தூரத்துக்குப் பதில் நேரத்தால் கணக்கிடத் தொடங்கியது. எதிர்காற்று வலுத்த நாள்களில் விமானங்கள் மெதுவாக வருவதால் முன்பு இழந்த கொள்திறனில் ஒரு பகுதி மீண்டது.

விதியைத் திருத்தினாலே போதும், கட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் உண்டு. நடுவே 198 மீட்டர்தான் என்பதால் ஒரே நேரத்தில் இரண்டையும் இயக்க முடியாது. வடக்குப் பாதையின் மையக்கோட்டை 12 மீட்டர் நகர்த்தி 210 மீட்டராக்கும் திட்டத்துக்கு 2025இல் ஒப்புதல் கிடைத்தது. எங்கே 12 மீட்டர் போதும் என்பதை விதியை அறிந்தவர்தான் சொல்ல முடியும். (நம் சென்னையில் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன, அங்கே நகர்த்தும் பேச்சுக்கே இடமில்லை.)

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் அறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'மணிக்கு இத்தனை விமானங்கள்' என்று எழுதும் இடமெல்லாம், அது எந்த வானிலைக்கான எண் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.