கதவைத் திறந்தோம், மனத்தைத் திறந்தோமா?



கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் ஓர் அமைதியான வாரம் இருக்கிறது. குடில் இன்னும் பிரிக்கப்படவில்லை. வாசலில் நட்சத்திர விளக்கு எரிகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. மார்கழிப் பனியில் ஊர் சற்றுத் தாமதமாகவே கண்விழிக்கிறது. வெளிநாட்டில் வாழும் நம் உறவுகள் பலர் வீடு வந்து சேர்வதும் இந்த வாரத்தில்தான். வருகிறவர்களை நாம் எப்படி வரவேற்கிறோம்? சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கனடா நாட்டின் டொரன்டோவில் வாழும் எங்கள் அண்ணன், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மனைவியோடும் மகளோடும் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் டின் டின்னாகச் செய்து வைத்தோம். வந்த மறுநாளே வேன் பிடித்தோம். ஒரு நாள் கன்னியாகுமரிக் கடற்கரை, ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனை, ஒரு நாள் திற்பரப்பு அருவி. அவர்களும் பெட்டி நிறையச் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். எங்கள் விருந்தோம்பலில் எந்தக் குறையும் இல்லை என்றே நினைத்தோம்.

ஆனால் இரு பக்கமும் ஒன்றை மறைத்து வைத்திருந்தது. அந்த ஆகஸ்ட் மாதத்தில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, முழங்காலில் அடிபட்டு, இரண்டு மாதம் கட்டிலோடு இருந்தார். தூரத்தில் இருக்கிற பிள்ளை தவித்துப்போவான் என்று நாங்கள் சொல்லவே இல்லை. ஞாயிறு தோறும் வீடியோ அழைப்பு வரும்போது அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவோம். அம்மாவும் சிரித்துப் பேசுவார். இப்போது வேன் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அண்ணன் கேட்டதற்கு, "வயசாகுதுல்லா மக்களே" என்று சொல்லி முடித்துவிட்டார்.

நான்காம் நாள் இரவு. இங்கே இரவு 2 மணி என்றால் டொரன்டோவில் முந்தைய நாள் பிற்பகல் 3.30. அண்ணனுக்கு இன்னும் உறக்கம் பிடிபடவில்லை. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர், அம்மா சுவரைப் பிடித்தபடி ஒவ்வோர் அடியாக நடந்து வருவதைப் பார்த்துவிட்டார்.

"ஒறக்கம் வரலியா மக்களே?"

"ஒனக்கு என்னம்மா ஆச்சு?"

அம்மா எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அண்ணனும் சொன்னார். எட்டு மாதத்துக்கு முன்பே தொழிற்சாலை வேலை போய்விட்டது. இப்போது ஒரு கிடங்கில் இரவு வேலை. விமானச் சீட்டு கடனில் எடுத்தது. விளக்கு எரிவதைக் கண்டு எழுந்து வந்த நாங்கள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டோம். மாடி கட்ட அண்ணனிடம் எவ்வளவு கேட்கலாம் என்று அன்று மாலைதான் எங்களுக்குள் கணக்குப் போட்டிருந்தோம். வெட்கமாக இருந்தது.

அன்பார்ந்தவர்களே, மரியா எலிசபெத்தைச் சந்தித்ததை லூக்கா நற்செய்தியிலிருந்து திருவருகைக் காலத்தின் கடைசி நாள்களில் கேட்டோம். நாசரேத்திலிருந்து யூதேயா மலைநாடு 100 கிலோமீட்டருக்கும் மேல். தூரத்திலிருந்து வந்த உறவுதான் மரியாவும். எலிசபெத்து ஐந்து மாதம் வெளியே தலைகாட்டாமல் இருந்தவர். அவருடைய கணவர் செக்கரியாவோ பேச்சிழந்திருந்தார். அந்த அமைதியான வீட்டுக்கு, யாரிடமும் எளிதில் சொல்ல முடியாத செய்தியைச் சுமந்துகொண்டு மரியா வந்தார்.

அங்கே என்ன சமைத்தார்கள், என்ன பரிமாறினார்கள் என்று லூக்கா எழுதவில்லை. அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை எழுதியிருக்கிறார். மரியாவின் வாழ்த்தைக் கேட்டதும் எலிசபெத்து மனம் திறந்தார். தம் வயிற்றில் குழந்தை துள்ளியதை மறைக்காமல் சொன்னார். வந்தவர் கையில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. வந்தவரிடம் இறைவன் என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தார். அதன்பின் மரியாவின் உள்ளமும் திறந்தது. திருஅவை நாள்தோறும் மாலைப் புகழில் பாடுகிற மரியாவின் பாடல், இப்படி ஓர் உறவினர் வீட்டில்தான் பிறந்தது.

முதலில் மனம் திறந்தவர் வீட்டுக்காரர் என்பதைக் கவனியுங்கள். உள்ளதைச் சொல் என்று வந்தவர்களைத் துருவித் துருவிக் கேட்பது அன்பாகாது. நம் வீட்டின் உண்மையை நாம் முதலில் சொன்னால், அவர்கள் தங்கள் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கும்.

மறுநாள் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மீதி நாள்கள் திண்ணையிலேயே கழிந்தன. பிரியாணி நின்றது, கஞ்சியும் பயறும் வந்தது. அண்ணன் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார். தமிழ் சரளமாக வராத பேத்தி, பாட்டியின் முழங்காலில் தினமும் தைலம் தேய்த்துவிட்டாள். மாடிப் பேச்சை நாங்கள் அதோடு விட்டோம்.

அம்மாவின் கால் வலி முழுவதும் போகவில்லை. அண்ணனின் கடனும் உடனே தீரவில்லை. ஆனால் ஞாயிறு அழைப்பு மாறியது. "சுகமா?" "சுகம்" என்பதோடு முடிந்த பேச்சு, மாத்திரை முதல் வேலை வரை நீண்டது. அண்ணனுக்காகவும் அம்மாவுக்காகவும் பெயர் சொல்லிச் செபிக்க எங்களால் முடிந்தது. தெரியாத துன்பத்துக்காக எப்படிச் செபிப்பது?

ஆகவே இந்த வாரம் உறவுகள் வந்திருக்கும் வீடுகளில் ஒரு மாலையாவது எங்கும் போகாமல் இருப்போம். குடிலின் முன் எல்லாரும் அமர்ந்து குடும்பச் செபம் சொல்வோம். பிறகு தொலைக்காட்சியைப் போடாமல் சற்று நேரம் பேசிக்கொண்டிருப்போம். யாரும் வராத வீடுகளும் நம் பங்கில் உண்டு. அந்த வீட்டுப் பெரியவர்களையும் அன்று நம்மோடு அழைத்துக்கொள்வோம்.

அன்பு இறைவா, தூரத்தில் வாழும் எங்கள் உறவுகளையும் அவர்களுக்காகக் காத்திருக்கும் பெற்றோரையும் காத்தருளும். எலிசபெத்தின் வீட்டைப் போல எங்கள் வீடுகளையும் உள்ளதை உள்ளபடி பேசக்கூடிய இல்லங்களாக மாற்றியருளும். ஆமென்.