கரிசனமாகப் பேசி ஒதுக்குவதும் குற்றம்தான்



கீழ்பென்னாத்தூரில் திருவண்ணாமலை பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குத் தெரியும், முதல் படி எவ்வளவு உயரம் என்று. ஊன்றுகோலோடு நிற்பவரைப் பார்த்ததும், "பின்னாடி வண்டி காலியா வருதுங்க, அதுல வந்துடுங்க" என்பார் நடத்துநர். நல்ல மனசுதான். ஆனால் வண்டி போய்விட்டதே!

2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஒருவருக்குத் தேவையான வசதியை, பெருஞ்சுமை இல்லாமல் செய்து தர முடிந்தும் மறுத்தால், அதுவும் பாகுபாடு என்கிறது அது. மறுத்தவர் எவ்வளவு பணிவாக மறுத்தார் என்பது கணக்கில் வராது.

நம் மாநிலத்து வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். சுரேந்திர மோகனுக்குப் பார்வைக் குறைபாடு 70 சதவீதம். சி.பி.ஐ.யின் உதவி அரசு வழக்கறிஞராக இருந்தவர். 2014-இல் உரிமையியல் நீதிபதி பணிக்கு விண்ணப்பித்தார். குறைபாடு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது நிபந்தனை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றுவிட்டது. வாதாட முடிகிறவரால் தீர்ப்பெழுத முடியாதாம். எனக்கு இன்றுவரை பிடிபடாத கணக்கு.

2021-இல், தேர்வெழுத உதவியாளர் கேட்டு விகாஷ் குமார் தொடுத்த வழக்கில், அந்தத் தீர்ப்பை இனி முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. வசதி செய்து தரும் கடமையை அந்தத் தீர்ப்பு பார்க்கவே இல்லையாம். 2025 மார்ச் 3-இல் இன்னும் தெளிவாக, பார்வை இல்லை என்பதற்காக மட்டும் யாருக்கும் நீதித்துறைப் பணியை மறுக்கக்கூடாது என்றது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் எழுதிய கடிதத்தில் தொடங்கிய வழக்கு அது.

நம்மூருக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு ஊழியருக்குப் பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்க முடியாது. சம்பளம் குறையாமல் வேறு வேலை தர வேண்டும். பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை வழி செய்தது. கீழ்பென்னாத்தூரும் பேரூராட்சிதான், நினைவிருக்கட்டும்.

குறை இருந்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் எழுதலாம். ஆளை வரவழைத்து விசாரிக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. மனுவில் "கருணை காட்டுங்கள்" என்று எழுதாதீர்கள். எந்த அலுவலகம், என்ன தேதி, எந்த வசதியை மறுத்தார்கள் என்று எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள்.