கருவுற்றாரும் இரைப்பு நோயும்

(கருங்குழிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் மருத்துவம் பேச எழுந்தது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். முன்னொரு கூட்டத்தில் யாப்பிலக்கணம் பேசினேன். பாதிப் பேர் உறங்கினீர்கள். இன்று பேசப் புகும் பொருள் உறங்கத் தக்கதன்று. ஆஸ்துமா என்னும் இரைப்பு நோயுடைய பெண் கருவுற்றிருக்குங்கால், நாம் பொருட்படுத்தாத ஜலதோஷமும் அவளை ஏன் வீழ்த்தி விடுகின்றது என்பதே அப்பொருள்.

என் தங்கைக்கு இளமை தொட்டே இரைப்பு உண்டு. நாள்தோறும் இன்ஹேலர் இழுத்து வந்தாள், நலமாகவே இருந்தாள். முதற்சூலில் ஐந்தாந் திங்கள் நடக்கையில், "வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, அதை நிறுத்திவிடு" என்றார் எங்கள் அன்னையார். படித்தவன் என்று பெயர் பெற்ற யானும் தலையசைத்தேன். ஐப்பசி மழையில் என் பிள்ளைகள் பள்ளியிலிருந்து சளி கொணர்ந்தனர். அவர்களுக்கு இரண்டு நாளில் தீர்ந்தது. அவளுக்கோ மூன்றாம் நாள் இரவு உதடு நீலம் பாரித்தது. இரண்டு சொல் சேர்ந்தாற்போலப் பேச இயலவில்லை. வண்டியில் ஏற்றிச் செங்கற்பட்டுக்கு ஓடினோம். "மருந்தை நிறுத்தச் சொன்னவர் யார்?" என்று மருத்துவர் வினவினார். எங்களில் எவரும் வாய் திறக்கவில்லை. பிழைத்தாள், குழந்தை நாள் நிரம்பு முன்னரே எடை குறைந்து பிறந்தது. அதன் பின்னரே யான் இந்நோயைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கலானேன்.

கருவுற்றாரைச் சுவாச நோய்கள் கடுமையாகத் தாக்கும் என்பது புதிய செய்தியன்று. 1918-ஆம் ஆண்டின் விஷசுரத்தில் அமெரிக்க நாட்டில் நோயுற்ற 1,350 கர்ப்பிணிகளின் வரலாற்றை ஹாரிஸ் என்னும் மருத்துவர் திரட்டி 1919-இல் வெளியிட்டார். நூற்றுக்கு இருபத்தேழு பேர் மாண்டனர். நுரையீரல் வரை நோய் சென்றவருள் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்தனர். 1957-இல் மற்றொரு விஷசுரம் சிங்கப்பூர்க் கப்பலின் வழியே நம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி இந்தியா முழுதும் பரவியது. 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சலிலும் கர்ப்பிணிகளே பெருந்துன்பம் எய்தினர்.

காரணம் யாதெனின், கருவிலுள்ள குழவியின் உடற்கூற்றில் பாதி தந்தையின் வழி வந்தது. அயற்பொருளை எதிர்க்கும் தாயின் உடல் அதனை எங்ஙனம் பத்துத் திங்கள் பொறுக்கின்றது என்று 1953-இல் பீட்டர் மெடவர் என்னும் அறிஞர் வினா எழுப்பினார். தாயின் காவல் முற்றும் ஓய்ந்து விடுவதில்லை. குழவிக்கேற்பத் தன்னை மாற்றிக் கொள்கின்றது. அம்மாற்றத்தில் சில வாயில்கள் சற்றுத் தளர்கின்றன.

அவ்வாயில்களுள் ஒன்று இன்டர்ஃபெரான். இதனை ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர் 1957-இல் இலண்டனில் கண்டறிந்தனர். மதுராந்தகத்து ஏரிக்கரையில் உடைப்பைக் கண்டவன் கூவி ஊரை எழுப்புவது போல, வைரஸ் புகுந்த உயிரணு இப்பொருளைச் சுரந்து அண்டை அணுக்களை எச்சரிக்கின்றது. கூவல் மெலிந்தால் ஊர் விழிப்பதற்குள் வெள்ளம் வந்துவிடும். அன்றியும், ஆஸ்துமா உடையாரின் மூச்சுக்குழல் அணுக்களில் இவ்வெதிர்ப்புக் குறைவு என்பதைப் பீட்டர் வார்க் முதலியோர் 2005-இல் எழுதினர்.

கருவும் ஆஸ்துமாவும் ஓருடலில் கூடினால் என்னாம்? ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்து ஆராய்ச்சியாளர், வனெசா மர்ஃபி, பீட்டர் கிப்சன், வார்க் ஆகியோர் அடங்கிய குழுவினர், இதனை ஆராய்ந்தனர். கருவுற்றார், கருவுறாதார், இரைப்பு உடையார், இல்லாதார் எனப் பலரிடத்தும் குருதி பெற்று, வெள்ளணுக்களைப் பிரித்து, ஜலதோஷம் தரும் ரைனோவைரஸை அவற்றிற் சேர்த்தனர். கருவுற்றாரிடத்தும் ஆஸ்துமா உடையாரிடத்தும் இன்டர்ஃபெரான் குறைவாகவே சுரந்தது. 2012-இல் வெளிவந்த முடிபு இது. கண்ணாடிக் கலத்திற் கண்டது உடம்பினுள்ளும் அப்படியே நிகழும் என்று உறுதி கூறலாகாது. எனினும் ஆஸ்துமா உடைய கர்ப்பிணிகளுக்கு ஏனைக் கர்ப்பிணிகளினும் சளி மிகுதியாகப் பிடிக்கின்றது என்பதை அக்குழுவினரே பின்னர்க் கண்டனர்.

இனி, மருந்து பற்றி. அதே ஊரில் 220 கர்ப்பிணிகளை வைத்து நடத்திய மற்றோர் ஆராய்ச்சி 2011-இல் வெளியாயிற்று. மூச்சில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடை அளந்து, அதற்கேற்ப மருந்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்க, இரைப்பின் கடுந்தாக்குதல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் நிறுத்தவில்லை, அளந்து கொடுத்தார்கள் என்பதைக் கருதுக. இழுக்கும் மருந்துகளுள் புடசோனைடு கருக்காலத்தில் நெடுநாள் ஆராயப்பட்டு ஏற்கப்பட்டது. குழந்தைக்குக் கேடு செய்வது தாய்க்குப் பிராணவாயு குறைதலே. அந்த ஒரு மூச்சுத்தான் இருவர்க்கும். ஆதலின் மருந்தை மாற்றுவதாயினும் குறைப்பதாயினும் மருத்துவர் சொல்லட்டும். மாமியாரும் வேண்டா, யானும் வேண்டா.

தடுப்பூசிக்கு அஞ்சுவாரும் நம்மிடை உளர். இன்ஃபுளூயன்சா ஊசி, கர்ப்பிணிகளுக்கு இடுவது, செயலற்ற கிருமியால் ஆனது. டாக்கா நகரில் 340 தாய்மாரிடை நடந்த ஆராய்ச்சி 2008-இல் வெளிவந்தது. ஊசியிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு அந்நோய் நூற்றுக்கு அறுபத்து மூன்று பங்கு குறைந்தது. ஆறு திங்கள் நிரம்பாத குழவிக்கு அவ்வூசி நேரே இட முடியாது. தாய்வழியே அதற்குக் காப்பு.

இறுதியாக, வளைகாப்பு. ஆஸ்துமா உடையாருள் மூன்றில் ஒரு பகுதியினர்க்குக் கருக்காலத்தில் நோய் மிகும். அது பெரும்பாலும் 24 முதல் 36 வாரங்களுக்குள். நாம் வளைகாப்பு நடத்தும் ஏழாம் திங்களும் ஒன்பதாம் திங்களும் அக்காலத்திலேயே அமைகின்றன. அன்றுதான் வீடு கொள்ளாத கூட்டம், சாம்பிராணிப் புகை, இருமலோடு வந்து கன்னத்தில் சந்தனம் பூசும் உறவினர்! சடங்கை விடச் சொல்லவில்லை. எனக்கும் அது உவப்பே. என் தங்கையின் இரண்டாம் வளைகாப்பைத் திறந்த முற்றத்தில் வைத்தோம். புகை போடவில்லை. இன்ஹேலர் தாம்பூலத் தட்டின் அருகிலேயே இருந்தது. சளி பிடித்திருந்த பெரியத்தை வாசலிலேயே நின்று, வளையலைப் பேத்தியிடம் கொடுத்தனுப்பி, அங்கிருந்தே அட்சதை தூவினார்.