யாரும் பார்க்காத கடையில்



வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பாவத்துக்குப் பாம்பு, புண்ணியத்துக்கு ஏணி, உச்சியில் வைகுண்டம். மதத்தையும் அறத்தையும் ஆட்டமாக்குவது நமக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே நம்மைப் பாம்பின் வாயில் தள்ளுவது நம் செயல் அல்ல, தாயக்கட்டையில் விழுந்த எண்.

வீடியோ கேமில் அப்படித் தப்பித்துக்கொள்ள முடியாது. செய்வதும் செய்யாதிருப்பதும் ஆடுகிறவர் கையில்தான். இதை முதலில் ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான ரிச்சர்ட் காரியட். 1983இல் வந்த அவருடைய 'அல்டிமா 3' கேமின் அட்டையில் ஒரு பேயின் படம் இருந்தது. அதைக் கண்டித்துக் கடிதங்கள் வந்தன. அதைவிட அவரை உறுத்தியது வேறொன்று. ஜெயிப்பதற்காகக் கடைக்காரரிடம் திருடுவதும் அப்பாவிகளைக் கொல்வதும் ஆடுகிறவர்களுக்குச் சாதாரணமாகியிருந்தது. ஆட்டமே அதற்கு இடம் கொடுத்திருந்தது.

இதற்கு அவர் தந்த பதிலாக 1985இல் 'அல்டிமா 4' வந்தது. கடைசியில் கொன்று முடிக்க வில்லன் என்று ஒருவன் இதில் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டிலும் தேர்ந்து 'அவதார்' ஆவதே நோக்கம். நம் மரபிலிருந்து போன சொல்தான்.

அதில் ஒரு மூலிகைக் கடை வருகிறது. விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்லிவிட்டு, எவ்வளவு வைக்கிறாய் என்று கேட்பாள். ஒரே ஒரு காசு வைத்தாலும் வாங்கிக்கொள்வாள். அலாரம் அடிக்காது, காவலர் வரமாட்டார், திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆனால் உள்ளே எங்கோ உங்கள் நேர்மைக் கணக்கு குறைந்துவிடும். அந்தக் கணக்கை உங்களுக்குக் காட்டவும் மாட்டார்கள். அரண்மனையில் இருக்கும் ஞானியிடம் போய், நேர்மையில் நான் எப்படி என்று கேட்டால்தான் தெரியும். பத்துக் காசு மிச்சம் பிடித்ததன் பலன் பல மணி நேரம் கழித்து வந்து நிற்கும்.

இதில்தான் அறம் இருக்கிறது என்பேன். பின்னாளில் வந்த பல கேம்களில், நல்லது செய்தால் இத்தனை புள்ளி, கெட்டது செய்தால் இத்தனை புள்ளி என்று திரையிலேயே கோடு ஏறி இறங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே பிச்சை போடுகிறவன் தர்மம் செய்யவில்லை, வியாபாரம் செய்கிறான். சாமி படமோ கோயிலோ காட்டிவிட்டால் ஒரு கேம் நல்லதாகிவிடாது. பேய் படம் இருப்பதாலேயே கெட்டதாகிவிடவும் செய்யாது. யாரும் பார்க்காதபோது தவறு செய்ய அது நமக்கு இடம் விடுகிறதா, செய்த பிறகு அந்தத் தவறை எப்படி எதிர்கொள்கிறது என்றுதான் பெற்றோர்கள் பார்க்க வேண்டும்.

2015இல் டோபி பாக்ஸ் உருவாக்கிய 'அண்டர்டேல்' இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. யாரையுமே கொல்லாமல் அதை ஆடி முடிக்கலாம். தொடக்கத்தில் டோரியல் என்ற தாய் போன்ற ஒருத்தி நம்மைப் பார்த்துக்கொள்கிறாள். வெளியே போக அவள் தடுக்கும்போது பலர் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். பிறகு மனம் கேட்காமல், சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப்போய் அவளை உயிரோடு விட்டுவிட்டு நடக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் பூ வடிவில் ஒரு பாத்திரம் எதிரே வந்து, முன்பு அவளைக் கொன்றதும் நீதான், வருந்தித் திரும்பி வந்ததும் நீதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது.