ஊகித்துத் திருத்தும் கணக்கு

மின்சுற்றின் ஒவ்வோர் உறுப்பையும் அலை வந்து மோதித் திரும்பும் கரையாகப் பார்ப்பது டிஜிட்டல் அலை வடிப்பான் முறை. ஜெர்மனியின் போஹும் நகரில் ஆல்ஃபிரெட் ஃபெட்வைஸ் 1970களின் தொடக்கத்தில் இதை வகுத்தார். மின்னோட்டத்தை ஒரு தடையால் பெருக்கி, மின்னழுத்தத்தோடு கூட்டினால் உறுப்புக்குள் வரும் அலை. கழித்தால் வெளியேறும் அலை. அந்தத் தடை சுற்றில் எங்கும் இருப்பதல்ல, கணிப்பவர் தம் விருப்பப்படி வைத்துக்கொள்வது. முறையின் உயிரே இந்தச் சுதந்திரத்தில்தான் இருக்கிறது.

மின்தேக்கிக்கு ஏற்றபடி தடையை வைத்தால், வந்த அலை ஒரு மாதிரி நேரம் (அடுத்தடுத்த இரு மாதிரிகளுக்கு, அதாவது அளவீடுகளுக்கு, இடைப்பட்ட நேரம்) தாமதித்து அப்படியே திரும்பும். மின்தூண்டியில் குறி மாறித் திரும்பும். வெறும் மின்தடையில் அடங்கிப்போகும். எல்லாம் சில கூட்டல், சில பெருக்கலோடு முடிந்துவிடும்.

டயோடு வந்தால்தான் சிக்கல். அறை வெப்பநிலையில் அழுத்தம் சுமார் 60 மில்லிவோல்ட் ஏறினாலே அதில் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 10 மடங்காகிவிடும். வரும் அலையிலிருந்து அழுத்தத்தைப் பிரித்தெடுக்கப் பள்ளி இயற்கணிதம் போதாது. ஒற்றை டயோடு என்றால் லாம்பெர்ட் W என்னும் சிறப்புச் சார்பு கைகொடுக்கும். பல டயோடுகளும் டிரான்சிஸ்டர்களும் பின்னிக்கிடந்தால், ஊகித்து, பிழை பார்த்து, மீண்டும் ஊகிப்பதே வழி.

இதில் பழைய கை நியூட்டன்–ராப்சன் முறை. ஊகம் நிற்கும் புள்ளியில் தொடுகோடு வரைந்து, அது அச்சை வெட்டும் இடத்துக்குத் தாவுவது. விடையை நெருங்கிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிக்கும். நெருங்கும் வரைதான் ஆபத்து. டயோடு வளைகோட்டின் தட்டையான பகுதியிலிருந்து கிளம்பினால் தாவல் சில வோல்ட் தள்ளிப் போய் விழும். அங்கே மின்னோட்டக் கணக்கு கணினியின் எண் வரம்பையே உடைத்துவிடக்கூடும். தாவலுக்குக் கடிவாளம் போடாமல் இதை நம்பக் கூடாது.

மிலான் பாலிடெக்னிக்கில் பெர்னார்தினி, சார்த்தி முதலியோர் வளர்த்த அலைச்சிதறல் சுழற்சி முறை வேறு வழியில் போகிறது. ஒவ்வொரு டயோடும் தனக்கு வந்த அலைக்கு மட்டும் பதில் சொல்கிறது. பதில்கள் எல்லாம் உறுப்புகள் இணையும் சந்திப்பில் கலந்து சிதறி, புதிய அலைகளாகத் திரும்புகின்றன. மாற்றம் மிகச் சிறிதாகும் வரை இதே சுற்று. சமன்பாடுகளை ஒன்றாகக் கட்டி இழுக்கும் பாரம் இல்லாததால், டயோடுகள் நிறைந்த சூரியமின் தகடு வரிசைகளுக்கும் இம்முறை பொருந்தியது.

எத்தனை சுற்றில் முடியும் என்பது கணிப்பவர் வைத்த அந்தத் தடையைப் பொறுத்தது. டயோடு வளைகோட்டில் அந்த நொடியில் நிற்கும் இடத்தின் சரிவு காட்டும் தடைக்கு அது நெருக்கமாக இருந்தால், ஊகப் பிழை எதிரொலிக்காமல் சீக்கிரம் அடங்கும். சரிவு மாறும்போதெல்லாம் தடையை மாற்றினாலோ, சந்திப்பில் அலைகள் எப்படிப் பிரியும் என்று சொல்லும் சிதறல் அணியையும் புதிதாகக் கணிக்க வேண்டும். முந்தைய மாதிரியின் விடையை முதல் ஊகமாக வைத்து, தடையை எப்போதாவது மட்டும் மாற்றுவது நல்ல சமரசம்.

கிட்டாரின் ஒலியைச் சிதைக்கும் பெடலை நிகழ்நேரத்தில் போலச்செய்ய, நொடிக்கு 44,100 மாதிரிகள் என்று வைத்தால், ஒன்றுக்குக் கிடைப்பது 23 மைக்ரோநொடிக்கும் குறைவு. அதனால் சுற்றுகளுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்குள் கிடைத்த விடையை ஏற்பதும் உண்டு. சூரியமின் தகடுகளின் மின்னுற்பத்தியை அளக்கும் கணக்கில் அந்தச் சலுகை செல்லாது.